காலையில் கரைக்காற்று, மதியம் கடற்காற்று: பழவேற்காடு ஏரியில் பாய் விரித்த ஒரு நாள்

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு முறை குளித்தும் காதுக்குப் பின்னால் உப்பு நறநறக்கிறது. கயிறு பிடித்த உள்ளங்கையில் சிவப்புக் கோடு இன்னும் மறையவில்லை. அது மறைவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போவது, எவ்வளவு செலவு என்றெல்லாம் வரிசையாக எழுதத்தான் ஆசை, முடிகிறதா பார்ப்போம்.

பாய்மரப் படகு மேல் எனக்குக் கிறுக்குப் பிடித்து ஏழெட்டு வருடம் ஆகிறது. கேரளத்துக்காரரான அபிலாஷ் டோமி 2013இல் தனியாளாக, எங்கும் நிற்காமல், பாயை மட்டும் நம்பி உலகத்தைச் சுற்றி வந்து சேர்ந்தார். சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லிருந்து இருக்கிறது. நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார். இதையெல்லாம் படித்துப் படித்து ஏங்கியிருக்கிறேன். ஆனால் மாதக் கடைசியில் பெட்ரோலுக்கே கணக்குப் பார்க்கிறவனுக்கு முறையாகக் கற்றுக்கொள்ளும் செலவு கட்டாது. போன வருடம் ஓர் ஏரியில் மோட்டார் படகில் ஏறினோம். இருபது நிமிடம், தலைக்கு 300 ரூபாய், டீசல் புகை, காதைக் கிழிக்கிற பாட்டு. இறங்கும்போது தலைவலிதான் மிச்சம். அதோடு படகுச் சவாரியே வேண்டாம் என்றிருந்தேன்.

அப்புறம்தான் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற நண்பர் சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் இருக்கம் தீவு. பழவேற்காடு ஏரிக்குள், ஆந்திரப் பக்கம், தடாவை ஒட்டி இருக்கிறது. "எங்க பெரியப்பா இன்னும் பாய் கட்டித்தான் படகு ஓட்டுறார். வாங்க, ஒரு நாள் கூட்டிட்டுப் போவார்" என்றார். மாசி மாதம் வரட்டும், காற்று ஒழுங்காக இருக்கும் என்று பெரியப்பாவே தேதி சொல்லி அனுப்பினார். நானும் தம்பியும் கிளம்பினோம்.

விடியற்காலையில் சூலூர்பேட்டை போகும் புறநகர் ரயில். டிக்கெட் விலை ஒரு டீ, ஒரு வடை விலைதான். கும்மிடிப்பூண்டி தாண்டி, ஏளாவூர், ஆரம்பாக்கம். அடுத்த ஸ்டேஷன் தடா. பலகையில் எழுத்து தெலுங்குக்கு மாறிவிடும், டீக்கடைப் பேச்சு மட்டும் பாதித் தமிழிலேயே ஓடும்.

இனி ஆட்டோ விஷயம். தடா ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை இருக்கிற பீமுலவாரிபாளையம் நாலைந்து கிலோமீட்டர்தான். எங்கள் கையில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகள் இரண்டு இருந்ததைப் பார்த்ததும், சுற்றுலாக்காரர்கள் என்று முடிவு கட்டிவிட்டார் அந்த ஓட்டுநர். 500 ரூபாய் கேட்டார். திரும்பி வரும்போது காலி வண்டி, அதனால் இரட்டை வாடகை என்று கணக்கு. பத்து நிமிடம் வாதாடி 300க்கு இறங்கினார். ஏறி உட்கார்ந்தால், பாதி வழியில் இன்னும் மூன்று பேரை ஏற்றினார், அவர்களிடம் தனியாகக் காசு வாங்கினார். இது அநியாயம். சாயங்காலம் அதே வழியில் ஷேர் ஆட்டோவில் தலைக்கு 20 ரூபாய் கொடுத்துத் திரும்பி வந்தோம். போகிறவர்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வண்டியில் ஏறாதீர்கள். வெளியே மெயின் ரோட்டுக்கு நடந்து போய் ஷேர் ஆட்டோவுக்கு நில்லுங்கள்.

மிதவைச் சட்டை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று 900 ரூபாய் என்று இரண்டு வாங்கினேன். இந்தப் பயணத்தின் பெரிய செலவே அதுதான். தம்பி முணுமுணுத்தான். ஆனால் 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியின் தமிழ்நாட்டுப் பக்கம், பழவேற்காட்டில், படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். ஒரே குடும்பத்துச் சொந்தங்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் உல்லாசப் படகுகளுக்குத் தடை வந்தது. ஆழம் குறைந்த ஏரிதானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டை இல்லாமல் நான் எந்தப் படகிலும் ஏற மாட்டேன், என்னோடு வருகிறவர்களையும் ஏற விட மாட்டேன்.

பெரியப்பா கரையில் காத்திருந்தார். எழுபதை நெருங்குகிற வயது. நண்பர் கூப்பிடுகிறபடியே நாங்களும் பெரியப்பா என்றே கூப்பிட்டோம். படகைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தட்டையான அடிப்பாகம், தார் பூசிய பலகை, நடுவில் ஒரு மூங்கில் கம்பம், அதன் குறுக்கே இன்னொரு மூங்கில். பாய் என்பது வெள்ளை உரச்சாக்கும் நீலத் தார்ப்பாயும் சேர்த்துத் தைத்தது. ஒரு நீளமான கழி, ஒரு சுக்கான், ஒரு கயிறு. அவ்வளவுதான். விசையைத் திருப்பவோ எண்ணெய் ஊற்றவோ எதுவும் கிடையாது. ஏறி உட்கார்ந்ததும் கழியை ஊன்றித் தள்ளினார், பாயை ஏற்றினார், கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார். "இழுத்துப் புடி தம்பி, ரொம்ப இழுக்காதே" என்றார். பாடம் அவ்வளவுதான்.

பாய் ஒரு முறை படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு நிரம்பியது. அந்த நொடியைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கயிற்றில் ஓர் உயிர் வந்தது போல இழுத்தது. சத்தமே இல்லாமல் கரை பின்னால் போனது. தண்ணீர் பலகையை உரசுகிற சலசலப்பு மட்டும் காலுக்கடியில் கேட்டது. நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை.

ராத்திரியில் தண்ணீரைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும், அது கரைக்காற்று. வெயில் ஏறினால் நிலம் சூடாகி, காற்று கடலிலிருந்து நிலத்துக்குத் திரும்பும், அது கடற்காற்று. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பெரியப்பாவின் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டு காற்றிலும் ஓடியிருக்கிறது. காலையில் கரைக்காற்றில் கிழக்கே போவார், மதியத்துக்கு மேல் கடற்காற்றில் மேற்கே திரும்புவார். பந்தயப் படகுகளில் அடியில் ஒரு பலகை இறங்கியிருக்கும். படகு பக்கவாட்டில் சரியாமல் அது தடுக்கும், அதனால் அவை காற்றுக்கு எதிரே கோணல்மாணலாக வளைந்து வளைந்து முன்னேற முடியும். அந்தப் பலகை இந்தப் படகில் இல்லை. காற்று போகிற பக்கம்தான் இதுவும் போகும். எதிரே போக வேண்டுமென்றால் கழி ஊன்ற வேண்டும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும்.

நாங்கள் காத்திருந்தோம். ஒன்பதரை மணிக்குக் காற்று நின்றுபோனது. பாய் தொய்ந்து கம்பத்தில் ஒட்டிக்கொண்டது. பெரியப்பா மேற்கே ஒரு புகைபோக்கியைக் காட்டினார். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. "காலி லேது" என்றார். தெலுங்கில் காற்றுக்குக் காலி என்று பேர். லேது என்றால் இல்லை. நான் தமிழ்க் காலி என்று நினைத்து, எது தீரவில்லை என்கிறார் என்று முழித்தேன், புரிய ஒரு நிமிடம் ஆனது.

அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் மறுபடி போவேன். சுற்றிலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி. கழியை விட்டுப் பார்த்தால் மார்பளவுகூட இல்லை. கிழக்கே, கோடு மாதிரித் தெரிகிற நிலம் ஸ்ரீஹரிகோட்டா. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் கிடக்கிற நீளமான தீவு. 1971இல் முதல் ராக்கெட் அங்கிருந்து போனது, சந்திரயான் போனதும் அங்கிருந்துதான். தூரத்தில் அந்த உயரமான கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்தன. ராக்கெட் விடுகிற நாளில் மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்களாம். "அது போற வேகம் எனக்கு எதுக்கு? சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனா போதும்" என்றார் பெரியப்பா. அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது.

வடக்கே வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. நுரை என்று நினைத்தேன். பூநாரைகள். நூற்றுக்கணக்கில் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. மெல்ல மெல்ல படகு தானாக மிதந்து அந்தப் பக்கம் நகர்ந்தது. கொஞ்சம் கிட்டே போனதும், மேற்கிலிருந்து ஒரு மோட்டார் படகு தடதடத்துக்கொண்டு வந்தது. நாலு பேர் போன் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. இறக்கைக்கு அடியில் அந்த ரோஜாச் சிவப்பு, உள்ளபடியே அழகுதான். ஆனால் மேய்கிற பறவையைத் துரத்தி அந்த நிறத்தைப் பார்க்க வேண்டுமா? எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. அத்தனை தூரம் பறந்து வந்து பசியாறுகிற உயிர்கள் அவை.

பத்தரைக்குப் பெரியப்பா கழியை எடுத்தார். நானும் தம்பியும் மாறி மாறி ஊன்றினோம். ஐந்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. அவர் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் இருக்கம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் பெரியம்மாவுக்குத் துரோகம். மடவை மீன் புலுசு, அதாவது புளிக்குழம்பு. நெல்லூர்ப் பக்குவம், பச்சை மாங்காய் போட்டது. நல்லெண்ணெய் மேலே மிதக்க, காரம் நாக்கில் ஏறி நெற்றியில் இறங்கியது. மடவை இந்த ஏரிக்கே பேர்போன மீன், சதை வெண்ணெய் மாதிரி. கூட இறால் வறுவல், புளிச்சக்கீரைத் துவையல், சுடச்சுடச் சோறு. பெரியம்மா தமிழில் பரிமாறினார், பேத்தியைத் தெலுங்கில் அதட்டினார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ நாயனா" என்று மூன்று முறை. நான் நாலு முறை போட்டுக்கொண்டேன். பெரிய ஓட்டல்களில் 600 ரூபாய் கொடுத்துத் தின்ற எந்த மீன் குழம்பும் இதன் பக்கத்தில் நிற்காது. அன்று காலை பிடித்த மீன், வேறு ரகசியம் இல்லை.

ஆனால் அந்த மீனே குறைந்துகொண்டு வருகிறதாம். முகத்துவாரத்தை மணல் மூடிவிடுகிறது, கடல் தண்ணீர் உள்ளே வர வழியில்லை, கோடையில் ஏரி சுருங்கிச் சேறாகிவிடுகிறது என்று பெரியப்பா வெற்றிலை மடித்தபடி சொன்னார். பாய் கட்டுகிற படகுகளும் குறைந்துவிட்டன. அவர் மகன் ஏதோ கம்பெனி வேலைக்குப் போகிறார்.

ஒரு மணி வாக்கில் திண்ணையில் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கிழக்கே கையைக் காட்டினார். தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு திட்டு, ஈரத் துணியை இழுத்துக்கொண்டு வருவது போல, எங்களை நோக்கி வந்தது. கடற்காற்று.

திரும்பி வந்தது காலை போல இல்லை. காற்று பலமாக இருந்தது. பாய் விம்மிக்கொண்டு, படகு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் படகின் முன்பக்கத்தில் தெறித்து முகத்தில் அடித்தது. சுக்கானைத் தம்பியிடம் கொடுத்தார், கயிறு என்னிடம். "நீ புடி, நீ விடு" என்று இரண்டு வார்த்தையில் எங்களை ஓட்ட வைத்தார். வேறு எதையும் நினைக்க இடமில்லை. கயிறு இழுக்கிறதா, தளர்கிறதா, அது ஒன்றுதான். வீட்டுக் கடன், அலுவலகத்து எரிச்சல், திங்கட்கிழமை மீட்டிங், எதுவும் படகில் ஏறவில்லை. இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காதவன் நான். நேற்று ரயிலில் உட்கார்ந்தபடியே எண்ணூர் வரை தூங்கியிருக்கிறேன்.

செலவுக் கணக்கை விட்டுவிட்டேன். பெரியப்பா பணமே வேண்டாம் என்றார். ஒரு நாள் மீன்பாட்டை எங்களுக்காக விட்டிருக்கிறார், அதனால் விடாமல் 1,200 ரூபாயைப் பெரியம்மா கையில் வைத்தோம். மிதவைச் சட்டை 1,800. ரயில், ஆட்டோ, டீ எல்லாம் சேர்த்து 500க்குள். சட்டை அடுத்த முறைக்கும் ஆகும், அதனால் இனிமேல் இரண்டு பேருக்கு 1,700 ரூபாயில் முடிந்துவிடும். தை, மாசிதான் சரியான காலம். தொப்பி, நிறையத் தண்ணீர், மாற்றுத் துணி கொண்டுபோங்கள். தெரிந்தவர் இல்லாமல் கரையில் நின்று பாய்ப் படகு கேட்டால் கிடைக்காது, தீவுக்குப் போகிற ஊர்க்காரர்களிடம் பேசிப் பழகிக் கேளுங்கள்.

கரை இறங்கும்போது பெரியப்பா பாயைச் சுருட்டி, ஒரு ஓரத்தில் கிழிந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த தடவை வரும்போது நல்ல தார்ப்பாய் ஒன்று வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். நீளம் பன்னிரண்டு அடி, நீல நிறமே போதும் என்றார்.