மெச்சூரிட்டின்னா சிரிக்காம இருக்கறதா?

வேலைக்கு சேர்ந்து 14 வருஷம் ஆச்சு, அஞ்சாவது வருஷ அப்ரைசல் மட்டும் இன்னும் மறக்கல. ரேட்டிங் எல்லாம் நல்லா குடுத்துட்டு கடைசியா மேனேஜர், "மீட்டிங்ல காமெடிய கொஞ்சம் குறைச்சுக்கோங்க மேடம், டீம் லீட் ஆகப்போறீங்க, மெச்சூரிட்டி தெரியணும்ல"ன்னார். நல்ல மனுஷன், என் நல்லதுக்குன்னு நெனச்சு தான் சொன்னார். ஆனா அதே டீம்ல இன்னொரு லீட், மீட்டிங்க ஜோக்கோட தான் ஆரம்பிப்பார், கிளையன்ட் கால்ல சூடு ஏறும்போதெல்லாம் ஏதாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சிருவார், அவரோட ஃபீட்பேக்ல "டீம கலகலன்னு வச்சிருக்கார், நல்ல லீடர்"னு இருந்துச்சு, அவரே சந்தோஷமா காட்டினார். அன்னைக்கு வீட்டுக்கு போற வழி முழுக்க எனக்கு அதே யோசனை தான்.

அப்புறம் ரெண்டு வருஷம் மீட்டிங்ல வேலைய தவிர ஒரு வார்த்தை பேசல. புதுசா சேர்ந்த பொண்ணு ஒரு தப்பு பண்ணிட்டு அரை நாள் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தா, ஏம்மா உடனே சொல்லலன்னு கேட்டா "உங்க மூஞ்சிய பாத்தா பயமா இருந்துச்சுக்கா"ன்னா. அது ரொம்ப வலிச்சுது.

இது என் மனப்பிரமை இல்லன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது. 2019ல அரிசோனா யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஒரு கடை மேனேஜர் பேசற வீடியோவ ஆணா ஒண்ணு பெண்ணா ஒண்ணு, ஜோக்கோட, ஜோக் இல்லாமன்னு காட்டி மார்க் போட சொன்னாங்க. ஜோக் சொன்ன ஆணுக்கு மதிப்பு ஏறுச்சு, அதே ஜோக்க சொன்ன பெண்ணுக்கு இறங்குச்சு. ஜோக் ஒண்ணு தான், சொன்ன ஆள் மட்டும் தான் வேற!

இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரு சீனியர் லஞ்ச்ல ஒரு பொண்ணோட உடம்ப வச்சு ஜோக் அடிப்பார், அவ சிரிக்கலன்னா "ஹ்யூமர் சென்சே இல்ல"ம்பாங்க. நாம ஜோக் சொன்னா மெச்சூரிட்டி இல்ல, அவங்க ஜோக்குக்கு சிரிக்கலன்னா ஹ்யூமர் இல்ல, அப்ப நாங்க எப்படி தான் இருக்கணும்?

ஆம்பளைங்களுக்கும் இதுல நிம்மதி கிடையாது. அப்பா இறந்து லீவு முடிஞ்சு வந்த ஒரு கலீக் வந்த அன்னைக்கே ஜோக்கா அடிச்சுட்டிருந்தார், எல்லாரும் "எவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கார் பாரு"ன்னாங்க, சாயங்காலம் படிக்கட்டுல தனியா உக்காந்திருந்தவர பாத்தேன். கலகலன்னு இருக்கற ஆள்னு பேர் வாங்கினவருக்கு அழ இடம் இல்ல. பக்கத்துல போய் உக்காந்தேன், ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

போன அப்ரைசல்ல என் டீம் பொண்ணு ஒருத்திக்கு நான் ஃபீட்பேக் எழுதிட்டிருந்தேன். "வேலை அருமை, இன்னும் கொஞ்சம் சீரியஸா"ன்னு டைப் பண்ணி பாதில கை நின்னு போச்சு. நானா இத எழுதறேன்? அழிச்சேன். ரிலீஸ் சொதப்பின அன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு எல்லாரும் ஓஞ்சு போய் உக்காந்திருந்தப்போ அவ சொன்ன ஒரு வார்த்தைக்கு மொத்த டீமும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு மறுபடி எந்திரிச்சு வேலைய முடிச்சது ஞாபகம் வந்துச்சு, அத அப்படியே எழுதினேன், பக்கத்துலயே "லீட் ரோலுக்கு தயார்"னும் எழுதி அனுப்பிட்டேன்.