அம்மாச்சியின் மூக்குத்தி

அம்மாச்சி தாத்தாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தை ஸ்கேன் பண்ணி வீட்டு பிரிண்டரிலேயே போட்டேன். ராத்திரி டியூப்லைட்டில் நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஜன்னலோரம் பார்த்தால் தாத்தா வேட்டி லேசான பச்சை! நாலு இங்க் பிரிண்டர் சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சளைக் கலந்துதான் உண்டாக்குகிறது. கலர் படத்தில் இந்தப் பிசகு கண்ணில் படாது. கறுப்பு வெள்ளையில் ஒளிய இடமில்லை.

'கறுப்பு இங்க் மட்டும்' என்று மாற்றினேன். பச்சை போச்சு, முகமெல்லாம் மணல் தூவின மாதிரி புள்ளி.

எப்சான் பி700 மாதிரி பிரிண்டரில் 10 இங்க், அதில் சாம்பலே இரண்டு. ஆசைதான். ஆனால் அடிக்கடி ஓட்டாவிட்டால் இங்க் தெளிக்கிற நாசில் அடைத்துக்கொள்ளும், சுத்தம் பண்ணியே இங்க் தீரும். வருஷத்துக்குப் பத்துப் படம் போடுகிற எனக்கு எதற்கு?

போட்டோ லேபில் கொடுத்தேன். அங்கேயும் கலர் பேப்பர்தான், முதல் பிரிண்ட் ஊதா அடித்தது. "அண்ணே, மெஷின் தானா நிறத்தைத் திருத்துற ஆட்டோ கரெக்‌ஷனை எடுத்துட்டுப் போடுங்க" என்றேன். முகம் சுளித்தபடிதான் போட்டுக்கொடுத்தார்.

வாங்கிப் பார்த்த அம்மா சொன்னது: "மூக்குத்தி தெரியுதுடா!"