ஃபேட்டி லிவரா? கிரேடை விடுங்கள், ஃபிப்-4 போடுங்கள்

வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்று வந்ததும் எல்லோர் கண்ணும் அந்த 1-இல் போய் நிற்கிறது. அது கொழுப்பின் அளவு, அவ்வளவுதான். நாளை சிரோசிஸ் (தழும்பேறிக் கல்லீரல் கெட்டுப்போவது) வருமா என்பது கல்லீரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு முதல் சல்லடை ஃபிப்-4, ரத்தப் பரிசோதனை எண்களையும் வயதையும் வைத்துப் போடும் கணக்கு. 2006-இல் ஹெச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்து இருந்தவர்களுக்காக வந்த கணக்கு; இன்று கொழுப்புக் கல்லீரலுக்கும் இதுதான்.

லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி (AST), எஸ்ஜிபிடி (ALT) என்று இரண்டு நொதிகளின் அளவு இருக்கும். வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கிக்கொள்ளுங்கள். பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி, அதால் வகுங்கள். வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1.8 லட்சம் என்றால் 2496-ஐ 1440-ஆல் வகுக்க வேண்டும்: 1.73. நம் லேப்கள் பிளேட்லெட்டை லட்சத்தில் தரும். கணக்குக்கு ஆயிரத்தில் வேண்டும், அதாவது 180. மறந்துபோய் 1.8 போட்டால் விடை 173!

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு (65 தாண்டியவர்களுக்கு 2). 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். நடுவில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன். அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழ் வந்தால் பெரிய கவலை இல்லை. 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது.

இதில் பிளேட்லெட்டுக்கு என்ன வேலை? தழும்பு முற்றினால் கல்லீரலுக்கு வரும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறும், மண்ணீரல் வீங்கும், பிளேட்லெட்டுகள் அங்கேயே தங்கிவிடும். எஸ்ஜிபிடியோ நோய் முற்றும்போது நார்மலுக்கே இறங்கிவிடலாம். ‘எஸ்ஜிபிடி நார்மல்’ என்ற ஒரு வரியை வைத்து நிம்மதி அடைவது அதனால்தான் ஆபத்து.

ரத்தம் எடுத்த நேரத்தாலும் குழாயாலும் கணக்கு தப்பாகலாம். டெங்கு வந்த வாரத்தில் எஸ்ஜிஓடி ஏறும், பிளேட்லெட் இறங்கும், ஃபிப்-4 எகிறும். ஜிம்மில் கடுமையாகப் பயிற்சி செய்த மறுநாளும் தசையிலிருந்து எஸ்ஜிஓடி கசியும். சிலருக்கு, ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ என்ற ரசாயனம் போட்ட குழாயில் பிளேட்லெட்டுகள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் குறைத்து எண்ணும். மேலே சொன்னவருக்கே 1.1 லட்சம் என்று வந்தால் 1.73 என்பது 2.84 ஆகிவிடும். ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள், அல்லது இடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் போட்ட குழாயில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கொழுப்புக் கல்லீரலோடு தொடர்புள்ள பிஎன்பிஎல்ஏ3 (PNPLA3) என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பற்றியும் கேட்கிறார்கள். அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் ஆபத்து கூடுதல்தான். உடல் எடை ஏற ஏற அது இன்னும் கூடும். ஆனால் பிறப்பில் வந்த அந்த ரிப்போர்ட் மாறாது, இன்று தழும்பு இருக்கிறதா என்றும் சொல்லாது. ஃபிப்-4 போடாமல் அதற்குக் காசு கொடுப்பது வீண்.