ஜனவரி மாதத்து மருந்துச் சீட்டு

டெக்சஸ் கட்டுமானத் தளங்களில் ஸ்பானிஷ் பேசும் தொழிலாளர்கள் மருத்துவக் காப்பீட்டை 'அசெகுரான்சா' என்பார்கள். ஸ்பானிஷ் அகராதி 'செகுரோ' என்கிறது. நிறுவனம் அச்சடித்துத் தரும் கையேட்டிலும் அதுதான் இருக்கும். அந்த வேறுபாடு பெரிதில்லை. கையேட்டில் அடுத்த வரியில் வரும் 'தெதுசீப்லே', அதாவது டிடக்டிபிள், காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நாமே கட்ட வேண்டிய தொகை, அதுதான் ஆளைச் சாய்த்துவிடுகிறது.

மெக்சிகோவில் முறையான வேலை பார்த்தவருக்குப் பழக்கமான காப்பீடு, 1943இல் தொடங்கிய அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். சம்பளத்தில் பிடித்தம் உண்டு. அவர்களுடைய மருத்துவமனைக்குப் போனால் டிடக்டிபிள் என்ற பேச்சே கிடையாது. கூடவே வசித்து, அவர் கையை நம்பி வாழும் தாய் தந்தையையும் அதில் சேர்க்கலாம். அங்கிருந்து வந்தவரிடம், வாரம் 35 டாலர் பிடித்துக்கொண்ட பிறகும் முதல் 3,000 டாலரை நீங்களே கட்ட வேண்டும் என்று சொன்னால், "அப்புறம் எதற்கு இந்தப் பிடித்தம்?" என்று கேட்கிறார். மிக நியாயமான கேள்வி. இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத ஹெச்.ஆர். பிரிவு, மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

அமெரிக்காவில் 65 வயதுக்கு உட்பட்ட ஹிஸ்பானியரில், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்களில், 2023இல் ஏறக்குறைய 18 சதவீதம் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. வெள்ளையரில் அது 7 சதவீதத்துக்கும் கீழே. இந்த இடைவெளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காப்பீட்டு அட்டையைப் பர்சில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் போகாமல் இருப்பவரைப் பற்றித்தான் பேச்சு குறைவு. அவரைத் தடுப்பது நோயைப் பற்றிய அலட்சியம் இல்லை, பில்லைப் பற்றிய பயம்.

அந்தப் பயத்துக்குக் கணக்கு இருக்கிறது. சம்பளம் மணிக்கு 18 டாலர், வாரம் 40 மணி நேரம் என்றால் 720. காப்பீட்டுக்கு 35 போய், சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி, கூட்டரசு வருமான வரி எல்லாம் போனால், மாநில வருமான வரி இல்லாத டெக்சஸில்கூட ஒற்றை ஆளுக்கு மிஞ்சுவது சுமார் 590. மாத வாடகை 1,100 என்றால் வாரத்துக்கு 254. ஊருக்கு அனுப்புவது வாரம் 75. மிச்சம் 260 டாலரில் சாப்பாடு, பெட்ரோல், போன், பிள்ளைகள். 3,000 டாலர் டிடக்டிபிள் என்பது இவருக்கு ஐந்து வாரச் சம்பளம் முழுவதும்.

'ஊருக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று பணப் பாடம் எடுக்க வருபவர்கள் சொல்வதுண்டு. தவறான ஆலோசனை. அமெரிக்கக் கம்பெனிக் காப்பீட்டில் தாய் தந்தையைச் சேர்க்க அநேகமாக வழியே இல்லை. அந்த 75 டாலர்தான் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை. சொல்ல வேண்டிய ஆலோசனை வேறு. 2026 ஜனவரி 1 முதல் ரொக்கமாகக் கட்டி அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி உண்டு. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ டெபிட் கார்டிலோ அனுப்பினால் அந்த வரி இல்லை. இதை ஒரு தாளில் எழுதிச் சம்பளச் சீட்டோடு இணைத்துக் கொடுக்கலாம்.

மிக மோசமான மாதம் ஜனவரி. டிசம்பருக்குள் டிடக்டிபிள் தீர்ந்துவிட்ட ஒருவர், சர்க்கரை மருந்தை 20 டாலருக்கு வாங்கிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். புத்தாண்டு பிறந்ததும் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அதே கவுண்ட்டர், அதே அட்டை, அதே மருந்து. திரையில் 180 என்று வருகிறது. வரிசையில் பின்னால் நான்கு பேர். 'நாளைக்கு வருகிறேன்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடத் தொடங்குவார். அமெரிக்காவில் நீரிழிவு கண்டறியப்படுவது வெள்ளையரைவிட ஹிஸ்பானியரிடம் கணிசமாக அதிகம். ஆகவே இந்தக் காட்சி அரிதானதே அல்ல.

இதற்கு முதலாளி தரப்பில் செய்யக்கூடியவை தெளிவாக உண்டு. அதிக டிடக்டிபிள் திட்டத்தோடு வரும் ஹெச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில், அதுவரை எவ்வளவு விழுந்திருக்கிறதோ அவ்வளவுதான் எடுக்க முடியும். நிறுவனம் ஆண்டுக்கு 1,000 டாலர் தருவதாக அறிவித்துவிட்டு அதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 26 தவணையாகப் போட்டால், ஜனவரி இறுதியில் கணக்கில் பெரும்பாலும் எண்பது டாலர்கூட இராது. அதே 1,000த்தை ஜனவரி முதல் சம்பளத்திலேயே மொத்தமாகப் போட்டால், அந்தக் கவுண்ட்டரில் நிற்பவர் மருந்தோடு வீட்டுக்குப் போவார். இதனால் நிறுவனத்துக்கு அதிகமாவது, நடுவில் விலகுபவர்களுக்குக் கொடுத்தது திரும்பாது என்ற செலவு மட்டுமே.

சம்பளத்தில் பிடித்து மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கும் எஃப்.எஸ்.ஏ. கணக்கு நேர்மாறு. ஆண்டுக்கு 1,200 என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு வாரத்துக்கு 46 டாலர்தான் பிடிப்பார்கள். ஆனால் முழு 1,200ம் முதல் நாளிலிருந்தே செலவழிக்கக் கிடைக்கும். சேமிப்பு இல்லாதவருக்கு இது வட்டியில்லாக் கடன் மாதிரி. ஆண்டு முடிவில் மிஞ்சினால் போய்விடும் என்பது இதன் குறை. சில திட்டங்கள் ஒரு பகுதியை மட்டும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக விடும். அதனால் நிச்சயமாகத் தெரிந்த செலவுக்கு மட்டும், கண்ணாடி, பல், மாதாமாதம் வாங்கும் மருந்து இவற்றைக் கூட்டிப் பார்த்து அந்தத் தொகையை எழுத வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அமெரிக்க வருமான வரித் துறை 2019இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, அதிக டிடக்டிபிள் திட்டங்களும் இன்சுலின், சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், சர்க்கரை அளக்கும் கருவி போன்றவற்றுக்கு டிடக்டிபிளுக்கு முன்பே பணம் கொடுக்கலாம். கட்டாயம் இல்லை, நிறுவனம் விரும்பினால் சேர்க்கலாம். ஆண்டுதோறும் காப்பீட்டுத் தரகரோடு உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஊழியர் நலம் என்று யோகா வகுப்புக்கும் நடைப்போட்டிக்கும் ஒதுக்கும் பணத்தை இங்கே திருப்பினால் எவ்வளவோ மேல்.

அவசரத்துக்கு இந்தத் தொழிலாளர்கள் முதலில் நாடுவது வங்கியை அல்ல, 'தாந்தா'வை. நம் சீட்டுதான் அது. பத்துப் பேர், வாரம் ஆளுக்கு 100 டாலர், வாரம் ஒருவருக்கு 1,000. ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது. முறை வைத்து வாங்குவார்கள். யாருக்காவது வீட்டில் ஆபரேஷன் என்றால் முறையை மாற்றிக்கொடுப்பார்கள். வடக்கு மெக்சிகோவில் 'குந்தினா', குவாத்தமாலாவில் 'குச்சுபால்', டொமினிக்கன் குடியரசில் 'சான்'. வாரம் 100 டாலரை ஒரு நாள் தவறாமல் கட்டும் மனிதரைச் 'சேமிக்கத் தெரியாதவர்' என்று அறிக்கையில் எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. 401(கே) ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து கடன் எடுப்பதும் உண்டு. வேலை போனால் அந்தக் கடன் கழுத்தை நெரிக்கும். திருப்பாத தொகைக்கு வருமான வரியும், 59½ வயதுக்கு முன் என்றால் பொதுவாக 10 சதவீத அபராதமும் சேரும். தாந்தாவில் அந்த ஆபத்து இல்லை.

காப்பீட்டில் சேரும்போது தவறுவது பெரும்பாலும் சிறிய விஷயத்தில்தான். ஒருவருக்கு அப்பா வழியில் 'லோபெஸ்', அம்மா வழியில் 'கார்சியா' என இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். சம்பளப் பிரிவு முதலாவதை நடுப்பெயர் ஆக்கிவிட்டு 'கார்சியா' என்று பதிவு செய்யும். மருந்துக்கடையில் 'லோபெஸ் கார்சியா'. கணினிக்கு இருவரும் வேறு ஆட்கள், பில் திரும்பிவிடும். சேர்ந்த முதல் வாரத்திலேயே சம்பளச் சீட்டு, காப்பீட்டு அட்டை, அரசு எண் கொடுத்து வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி அட்டை மூன்றையும் அருகருகே வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். சடங்கோ பதிவோ இல்லாமல் சேர்ந்து வாழும் தம்பதிகள் நிறைய. மனைவியைச் சேர்க்கச் சான்று கேட்பார்கள். டெக்சஸில் கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலகத்தில் இருவரும் போய் முறைசாராத் திருமண அறிவிப்பில் கையெழுத்திட்டால் அந்தத் தாள் சான்றாகும்.

குழந்தை பிறந்தால் காப்பீட்டில் சேர்க்கப் பெரும்பாலும் 30 நாள்தான் அவகாசம். சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருந்து அந்த நாளைத் தவறவிடுபவர்கள் அதிகம். பெரும்பாலான திட்டங்களில் எண் இல்லாமலே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் சேர்க்கலாம். அப்படிக் கொடுத்தால் பிறந்த நாளிலிருந்தே காப்பீடு செல்லும்.

டெக்சஸுக்கே உரிய ஒரு குழி உண்டு. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் காப்பீட்டை எடுப்பது அங்கே பொதுவாகத் தனியார் முதலாளியின் விருப்பம். சாரத்திலிருந்து விழுந்தவர் தன் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நீட்டுவார். வேலை இடத்துக் காயம் எங்கள் பொறுப்பில் இல்லை என்று பல திட்டங்கள் மறுத்துவிடும். முதலாளி அந்தக் காப்பீடு வைத்திருக்கிறாரா இல்லையா என்பதை ஸ்பானிஷிலும் எழுதி ஒட்டியாக வேண்டும். சேர்ந்த நாளே அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லாம் மீறிப் பெரிய பில் வந்துவிட்டால், அதை உடனே கிரெடிட் கார்டில் கட்டக்கூடாது. மருத்துவமனை லாப நோக்கமற்றதா என்று முதலில் கேட்க வேண்டும். ஆம் என்றால், கூட்டரசு வரிச் சட்டப்படி அவர்களிடம் எழுத்தில் நிதியுதவிக் கொள்கை இருந்தாக வேண்டும். முதல் பில் தேதியிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பத்தை வாங்கியாக வேண்டும். முதல் 120 நாளுக்குள் வழக்கு, சம்பளப் பிடித்தம் என்று இறங்கக்கூடாது. காப்பீடு உள்ளவருக்கும் பல இடங்களில் இந்த உதவி கிடைக்கிறது. வட்டாரத்தில் ஸ்பானிஷ் பேசுவோர் போதிய அளவில் இருந்தால் விண்ணப்பம் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். கவுண்ட்டரில் இல்லை என்றால் பில்லிங் பிரிவில் கேட்கலாம். கடைசி சில சம்பளச் சீட்டுகள், வரித்தாக்கல் நகல், வீட்டில் எத்தனை பேர் என்ற விவரம், வகை வகையாகப் பிரித்த பில். இவற்றின் நகலை ஒரு கவரில் போட்டு, கொடுத்த தேதியை அதன் மேலேயே எழுதி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.