மரப்பட்டையில் எழுதியது யார்?

பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம், தாவரவியல் பூங்காவில் நடக்கப் போகிறவர்கள் வழவழப்பான பட்டையுள்ள மரம் எதன் அருகிலாவது ஒரு நிமிடம் நில்லுங்கள். சாம்பல்வெள்ளைத் திட்டு, அதன்மேல் கறுப்பு மையால் கிறுக்கியது போல் வளைந்து கிளைத்த கோடுகள் தெரிந்தால், அது பெரும்பாலும் கிராஃபிஸ் வகை லைக்கன்.

காளானும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் இது. கோடுகள், காளான் தன் வித்துகளை உண்டாக்கும் இடம். 10 மடங்கு லென்ஸை ஒட்டி வைத்துப் பாருங்கள்: கரிபோல் கறுத்த இரண்டு உதடுகள், நடுவே மெல்லிய பிளவு. அவ்வளவு அழகு! உள்ளே இருக்கும் பாசி டிரென்டிபோலியா. நம் ஊர் ஈரச் சுவர்களில் ஆரஞ்சுப் படலமாகப் படர்வதும் இதன் இனம்தான்.

படம் எடுப்பதானால் பட்டை காய்ந்திருக்கும்போது, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். நனைந்தால் பாசியின் பச்சை மேலே வந்து நிறம் ஏமாற்றும். படத்தை மட்டும் வைத்து எந்த இனம் என்று சொல்லிவிட முடியாது. கோட்டைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் வித்தின் அறைகளை எண்ண வேண்டும். அயோடின் விட்டால் வித்து நீலஊதாவாக மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கொய்யாவில் தேடாதீர்கள். பட்டை உரிந்துகொண்டே இருப்பதால் நிலைக்க நேரமில்லை. பாக்கு மரத்தில் தேடலாம்.

தயவுசெய்து இதை நோய் என்று சுரண்டாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். லைக்கன் மரத்திடம் உணவு எடுப்பதில்லை. வாடும் மரத்தில் இலை குறைந்து வெயில் இறங்குவதால்தான் அது அங்கே கூடுதலாகத் தெரிகிறது. சுரண்டிய காயத்தில்தான் உண்மையான நோய் நுழையும். மரம் வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்.