214 குறிப்புகளை இடம் மாற்றிய நான்கு மாதங்கள்

என் தொழில்நுட்பக் குறிப்புத் தளத்தை இடம் மாற்றிய இந்த வேலைக்குத் தொடக்கம் ஒரு மின்னஞ்சல். லினக்ஸில் பேக்கப் எடுப்பது பற்றி ஆறு வருடத்துக்கு முன் எழுதிய குறிப்பிலிருந்து ஒருவர் கமாண்டை எடுத்து, கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் ஒட்டியிருக்கிறார், அது ஓடவில்லை. நானும் ஒட்டிப் பார்த்தேன், ஓடவில்லை. கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. எழுத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆப்ஷனுக்கு முன்னால் இருக்கவேண்டிய இரண்டு சின்னக் கோடுகள் சேர்ந்து ஒரே நீளக் கோடாகியிருந்தன. நேராக நிற்க வேண்டிய மேற்கோள்குறிகள் வளைந்திருந்தன. உரையை அழகாக்குவதற்காகத் தளத்தின் மென்பொருள் தானாகச் செய்யும் மாற்றம் அது. கட்டுரைக்கு நல்லது, கமாண்டுக்கு ஆகாது. அந்தக் குறிப்பில் கமாண்டைத் தனி நிரல் பகுதியாகப் போடாமல் வரியோடு வரியாக எழுதிவிட்டது என் தவறு.

ஒருவர் எழுதிக் கேட்டார். கேட்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. அதை நினைத்ததும் வருத்தமாக இருந்தது. அன்று இரவே மொத்தம் எத்தனை குறிப்புகள் இருக்கின்றன என்று எண்ணினேன்: 214. எல்லாவற்றையும் டேட்டாபேஸிலிருந்து வெளியே எடுத்து வெறும் எழுத்துக் கோப்புகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது படித்துச் சரிபார்ப்பது என்று முடிவு செய்தேன். எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுன் வடிவம், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டில் வரலாறு, அதிலிருந்து முன்கூட்டியே தயாராக்கி வைக்கும் ஸ்டாட்டிக் பக்கங்கள். மார்க்டவுன் 2004-இல் வந்தது. அதில் எழுதிய கோப்பை எந்த மென்பொருளும் இல்லாமலே கண்ணால் படிக்கலாம் என்பது எனக்குப் போதுமான காரணமாகப் பட்டது.

முதல் வாரம் ஏற்றுமதி. பெரும்பாலானவை ஒழுங்காக வந்தன. ஆனால் மிகப் பழைய 40 குறிப்புகளில் தமிழே இல்லை. அவற்றில் இருந்ததெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் ஏ, வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக்குறி, மறுபடி அதே ஏ. இப்படியே பக்கம் பக்கமாக. பலருக்கும் பழகிய காட்சிதான் இது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை யூடிஎஃப்-8, அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டில் ஒன்று, மூன்றாவதுதான் பெரும்பாலும் எழுத்தை எழுத்திலிருந்து பிரிக்கும். அந்த மூன்று பைட்டையும் பழைய டேட்டாபேஸ் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்துகளாக எடுத்துக்கொண்டு, அவற்றை மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்திருக்கிறது. இரண்டு தடவை சுற்றிய பொட்டலம் மாதிரி. ஒரு சுற்றைப் பிரித்தால் உள்ளே தமிழ் அப்படியே இருக்க வேண்டும்.

பைத்தானில் இரண்டு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். விண்டோஸ்-1252 என்ற லத்தீன் எழுத்துக் குறியாக்கத்தில் திருப்பி எழுதி, யூடிஎஃப்-8 ஆகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் சொல்லிலேயே பிழை வந்து நின்றது. வேறு சொல்லைக் கொடுத்தேன், அங்கும் நின்றது. சில சொற்கள் மட்டும் போயின, எவை போகின்றன என்று பிடிபடவில்லை. அரை நாள் ஒவ்வொரு எழுத்தாகக் கொடுத்துப் பார்த்த பிறகு வகை தெரிந்தது. புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ. இந்த நான்கு வந்தால் நிற்கிறது. விண்டோஸ்-1252-இல் ஐந்து இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன. இந்த நான்கு தமிழ்க் குறியீடுகளின் மூன்றாவது பைட்டும் சரியாக அந்தக் காலி இடங்களில் போய் விழுகின்றன. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் எழுத முடியுமா? அதனால்தான் ஏறக்குறைய எல்லா வரியும் நின்றிருக்கிறது.

தீர்வு எளிது. அந்தக் குறியாக்கத்தில் எழுத்துக்கு இடம் இருந்தால் அதன்படி பைட்டாக்கு, இல்லையென்றால் அந்த எழுத்தின் எண்ணையே பைட்டாக எடுத்துக்கொள். ஸ்கிரிப்டை மாற்றி ஓட்டியதும் 40 குறிப்புகளும் திரும்ப வந்தன, ஒரு எழுத்துகூடச் சிதறாமல். இந்த நான்கு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான். அவற்றில் ஒன்று யூனிகோடு பற்றியே நான் எழுதிய முதல் குறிப்பு. இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிழை வரும் எழுத்துகளைத் தவிர்த்துவிட்டு மேலே போ என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் வசதி உண்டு. அதைத் தொடாதீர்கள். புள்ளியெல்லாம் போய்விடும், பிறகு எதைக் கொண்டும் மீட்க முடியாது.

இரண்டாம் வாரம் முகவரிகள். பக்கத்தின் முகவரி மாறவே கூடாது என்பதை, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே எழுதி வைத்திருக்கிறார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து கிடையாது. யாரோ தன் நோட்டில் குறித்து வைத்த முகவரி, யாரோ நண்பருக்கு அனுப்பிய இணைப்பு, எல்லாம் என்னை நம்பி எடுத்தவை. என் பழைய முகவரிகளில் பாதி ஆங்கிலத்தில் இருந்தன, பாதி தமிழில். தமிழ் முகவரி உலாவியின் பட்டியில் அழகாகத் தெரியும், வேறு இடத்தில் ஒட்டினால் நீண்டுவிடும். ‘கோப்பு’ என்ற சொல் ஆறு குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக 54 எழுத்துகள். நீளம் பரவாயில்லை, நான் அதற்காக மாற்றவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. புதிய தளத்தைச் சோதனைக்கு ஏற்றியதும் சில தமிழ் முகவரிகள் மட்டும் 404, அதாவது பக்கம் இல்லை என்று காட்டின. தலைப்பில் கொ, கோ மாதிரி எழுத்து உள்ளவை எல்லாம் போயின, மற்றவை நன்றாக இருந்தன. ‘ோ’ என்ற குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ‘ொ’, ‘ௌ’, ‘ஔ’ மூன்றுக்கும் இதே இரட்டை வழி உண்டு. திரையில் இரண்டும் ஒன்றேபோலத் தெரியும். என் பழைய மடிக்கணினியின் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்து வைக்கும் வகை. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்குப் போன கோப்புகளின் பெயர்களும் பிரிந்தே போயின. வாசகர் கிளிக் செய்யும் இணைப்பிலோ ஒரே குறியீடு. சர்வருக்குப் பைட் மட்டும்தான் தெரியும், அதன் கணக்கில் இவை இரண்டு வேறு கோப்புகள்.

இப்போது தளம் உருவாகும் முன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எல்லாக் கோப்புப் பெயர்களையும் உரைகளையும் சேர்ந்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சி-க்கு, மாற்றிவிடுகிறது. தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எவரும் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. மாறிய பழைய முகவரிகளுக்கு, புதிய இடத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 போட்டேன். எனக்கு வேண்டாம் என்று தோன்றிய மூன்றே குறிப்புகளுக்கு மட்டும் 410, அதாவது இது இருந்தது, இப்போது இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் பதில். மொத்தப் பட்டியலையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன், தளத்தை எப்போது மாற்றினாலும் அந்தப் பட்டியலில் உள்ள எல்லா முகவரியையும் ஸ்கிரிப்ட் தட்டிப் பார்க்கும்.

தளத்தை மாற்றிய அன்று, புதுக் குறிப்புகளைத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஃபீட் மூலம் படிப்பவர்களுக்கு ஒரு தொந்தரவு கொடுத்துவிட்டேன். ஆட்டம் என்ற ஃபீட் வடிவத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் உண்டு. 2005-இல் வந்த அதன் தர ஆவணம், பதிவை வேறு இடத்துக்கு மாற்றினாலும் அந்த அடையாளம் மாறக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. என் புதிய வார்ப்புரு அதை முகவரியிலிருந்து புதிதாக உருவாக்கிவிட்டது. சமீபத்திய 20 குறிப்புகளும் படிக்காத புதுக் குறிப்புகளாக எல்லோருக்கும் போய் நின்றன. மூன்று பேர் எழுதினார்கள், மூவருக்கும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அந்த அடையாளம் ஒவ்வொரு குறிப்பின் தலைப்பகுதியிலும் எழுதப்பட்டிருக்கிறது. எதிலிருந்தும் கணக்கிடப்படுவதில்லை.

தேடல் வசதிதான் நான் எதிர்பாராத அளவுக்கு நேரத்தை எடுத்துக்கொண்டது. எடுத்ததற்கு எனக்கு வருத்தமே இல்லை. டேட்டாபேஸ் போனதும் தேடலும் போனது. எல்லாச் சொற்களையும் ஒரு அட்டவணைக் கோப்பாக்கி உலாவியிலேயே தேட வைத்தேன். ‘கோப்பு’ என்று தேடினால் நாலு குறிப்புகள்தான் வந்தன. ஏனென்றால் குறிப்புகளில் நான் எழுதியிருப்பது கோப்பை, கோப்பில், கோப்பிலிருந்து, கோப்பாக. ஆங்கிலத்துக்கு எழுதிய தேடல் நிரல் இதையெல்லாம் தனித்தனிச் சொல்லாகத்தான் பார்க்கும். சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரிக்கும் முழு உருபனியல் பகுப்பாய்வு வைக்கும் அளவுக்கு எனக்கு அறிவும் இல்லை, உலாவியில் இடமும் இல்லை.

கடைசியில் செய்தது இதுதான். தேடும் சொல்லின் கடைசியில் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, மிச்சத்தில் தொடங்கும் எல்லாச் சொல்லையும் எடு. கோப்பு ‘கோப்ப’ ஆகும், கோப்பை, கோப்பில் எல்லாம் அகப்படும். நிரல் ‘நிரல’ ஆகும், நிரலை, நிரலில், நிரல்கள் எல்லாம் வரும். மகரத்தில் முடியும் சொற்களுக்கு மட்டும் தனி விதி. தளம் என்பது தளத்தை, தளத்தில் என்று மாறுவதால் ‘ம்’ முழுவதையும் கழற்ற வேண்டும். ‘தள’ என்று தேடும்போது தளர்வு, தள்ளு போன்றவையும் வருகின்றன. அதனால் முழுச் சொல் பொருந்துவதை மேலேயும், அத்து சேர்ந்து வருவதை அடுத்தும் வைத்தேன். இந்த மூன்று விதிகளுக்கே ‘கோப்பு’ 57 குறிப்புகளைக் கொண்டுவந்தது. பள்ளியில் படித்த வேற்றுமை உருபும் சாரியையும் நிரல் எழுதும்போது கைகொடுக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கவனமாகப் படித்திருப்பேன்.

எழுத்துரு வேலை சீக்கிரம் முடிந்தது. வரி இடைவெளியை 1.7-க்கு ஏற்றினேன், தமிழுக்கு மேலும் கீழும் காற்று வேண்டும். நிரல் பகுதிக்குள் தமிழ் விளக்கங்களை வரியின் கடைசியில் எழுதும் பழக்கத்தையும் விட்டேன். தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் நிற்பதில்லை, நிரை குலைந்துவிடும். விளக்கம் இப்போது தனி வரியில்.

மூன்றாம் மாதம் முழுக்கச் சரிபார்ப்பு. கமாண்டோ நிரலோ உள்ள குறிப்புகள் 131. ஒவ்வொன்றுக்கும் புதிய கன்டெய்னர் (மற்றவற்றிலிருந்து பிரிந்த காலிச் சூழல்) திறந்து, பக்கத்தில் இருப்பதை வாசகர் செய்வதுபோல அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். நினைவிலிருந்து எதையும் திருத்திக்கொள்ளக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. 84 ஓடின, 47 ஓடவில்லை. ஓடாதவற்றில் பெரிய பங்கு பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. பிரின்ட்டுக்குப் பைத்தான் 3 கேட்கும் அடைப்புக்குறியே என் பழைய குறிப்புகளில் இல்லை. சிலவற்றில் கமாண்டின் பெயரே மாறியிருந்தது, சிலவற்றில் தேவையான மென்பொருள் தொகுப்பு களஞ்சியத்தில் இல்லை.

பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று பட்டது. இன்னும் பழைய கணினியைப் பராமரிப்பவருக்குப் பழைய குறிப்புதான் வேண்டும். அதனால் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் எழுதிய தேதிக்குக் கீழே ‘கடைசியாக ஓட்டிப் பார்த்தது’ என்று இன்னொரு தேதி, எந்தப் பதிப்பில் என்ற விவரம். ஓடாதவற்றில் அதையும் சொல்லிப் புதிய வழியைக் கீழே சேர்த்தேன். ஒரு தொழில்நுட்பக் குறிப்புக்கு எழுதிய தேதியைவிட இந்த இரண்டாவது தேதி முக்கியம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். வெளி இணைப்புகளில் செத்துப்போனவற்றை, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினேன். நிறையக் கிடைத்தன. 2001-இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அந்தச் சேவைக்கு என் நன்றி.

நான்காம் மாதத்தில் ஒரு காலை, தளம் திறந்தால் உலாவி எச்சரிக்கை. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் எனக்குத் தந்தது 90 நாளுக்கானது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு சரியாகவே ஓடியிருந்தது. புதிய சான்றிதழ் ஒரு மாதமாக வட்டிலேயே இருக்கிறது. வலைச் சர்வரை ரீலோட் செய்யும் வரியை நான் எழுதவில்லை, அது நினைவகத்தில் வைத்திருந்த பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வரி சேர்த்ததோடு, வெளியிலிருந்து வேறொரு கணினி தினமும் சான்றிதழின் தேதியைப் பார்த்து, 20 நாளுக்குக் குறைந்தால் எனக்கு அஞ்சல் அனுப்பும்படி வைத்தேன். கோப்பைப் பார்ப்பது போதாது, வாசகர் பார்ப்பதைப் பார்க்க வேண்டும்.

அதே எண்ணத்தில் பேக்கப்பையும் திறந்தேன். பழைய டேட்டாபேஸின் இரவு நகல்கள் வரிசையாக இருந்தன. கடைசி பதினோரு நாள் கோப்புகளின் அளவு பூஜ்யம், வட்டு நிரம்பியிருக்கிறது. நல்லவேளையாக அதற்குள் எல்லாம் கிட்டுக்கு வந்துவிட்டது. இப்போது மூன்று நகல்கள்: மடிக்கணினி, சர்வர், வீட்டுக்கு வெளியே ஒரு வட்டு. மாதத்தின் முதல் ஞாயிறு ஏதாவது ஒன்றிலிருந்து முழுத் தளத்தையும் காலிக் கணினியில் எழுப்பிப் பார்க்கிறேன். சென்ற முறை ஒன்பது நிமிடம் ஆனது.

மின்னஞ்சல் எழுதியவருக்குத் திருத்திய குறிப்பின் முகவரியை அனுப்பினேன். அதே பழைய முகவரிதான். கமாண்ட் ஓடியது என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு குறிப்பில் ஒரு கோப்புப் பாதை தவறு என்றும் காட்டியிருந்தார், அன்றே திருத்தினேன். இன்னும் சரிபார்க்காமல் இருப்பவை 17. எல்லாமே வன்பொருள் சம்பந்தப்பட்டவை, பழைய போர்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மின்சாரம் கொடுக்க வேண்டும். அவற்றின் தலையில் ‘கடைசியாக ஓட்டிப் பார்த்தது’ என்ற இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.