முகூர்த்தக் காலண்டரும் நாயனப் பிழைப்பும்

இசைப்பள்ளியில் மூன்று வருடம் முடித்து வரும் நாதஸ்வர மாணவர்கள் "சபாவில் வாசிக்க என்ன வழி?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழிக்கு என்ன வழி என்று கேட்க வேண்டும். அந்த மூன்று மாதமும் கல்யாணம் அநேகமாகக் கிடையாது. தை, வைகாசி, ஆவணியில் கை நிறையும்போதே வரும்படி இல்லாத அந்த மாதங்களுக்கு எடுத்து வைக்காவிட்டால் வட்டிக்கடைதான். ஆடிக்கு அம்மன் கோயில், புரட்டாசிக்கு நவராத்திரி, மார்கழிக்கு விடியற்காலைப் பூஜை என்று பிடித்துக்கொள்ளுங்கள். கோயிலில் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனால் பெண் வீட்டார் உங்கள் வாசிப்பைக் கேட்பது அங்கேதான்.

ஒரு செட் என்றால் இரண்டு நாயனம், அதாவது நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம். சுருதிக்காக ஒத்து என்ற குழலை ஊதிய இடத்தில் இப்போது சுருதிப்பெட்டி. உதாரணத்துக்கு 30,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள். வேன் 4,000, தவில் இருவருக்கும் 12,000, கூட ஊதுபவருக்கு 5,000, தாளத்துக்கு 2,000 போக உங்களுக்கு நிற்பது 7,000. "ஒரு தவில் போதுமே" என்று பேரம் வரும். ஒப்புக்கொண்டால் அடுத்த கல்யாணத்திலும் அதே பேச்சுதான். முதல்நாள் மாப்பிள்ளை அழைப்பும் மறுநாள் முகூர்த்தமும் ஒரே தொகையில் அடக்கம், நலங்குக்கு இருக்கச் சொன்னால் தனி என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வாத்தியம் வாங்குமுன் உங்கள் வட்டாரத்தில் கூட வாசிக்கப்போகிறவர்களின் சுருதியைக் கேளுங்கள். கட்டை என்பது சுருதியின் அளவு, பாரி என்பது நீளமான நாயனம். இரண்டு கட்டைப் பாரியும் இரண்டரைக் கட்டைப் பாரியும் ஜோடி சேராது. நாயனம் கடையும் ஆச்சா மரம் எவ்வளவு நல்லதானாலும் பயனில்லை.

நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிதான் பெரிய தலைவலி. புதுச் சீவாளி விறைப்பாக இருக்கும், மூச்சை உறிஞ்சிவிடும். சில நாள் ஊதிப் பழக்கினால்தான் வழிக்கு வரும். ரொம்பப் பழகியது தொய்ந்து சுருதி இறங்கும். ஏசி மண்டபத்தில் சட்டென்று காய்ந்து மேல் ஸ்தாயியில் பிசிறடிக்கும். அதனால் எப்போதும் மூன்று வேண்டும்: வாசிப்பில் ஒன்று, தயாராக ஒன்று, பழக்கத்தில் ஒன்று. முகூர்த்தத்தன்று புதுசைச் செருகுவது வம்பை விலைக்கு வாங்குவது. தவில்காரரும் விரல்களில் மாட்டி வாசிக்கும் கூடு ஒரு ஜதை கூடுதலாக வைத்திருக்கட்டும். வாசிப்பின் நடுவில் கூடு உடைந்தால் அங்கேயே உட்கார்ந்து செய்ய முடியாது.

மேடையில் எங்கே உட்கார்வது? தாலி கட்டும்போது கெட்டி மேளத்துக்குச் சைகை காட்டும் சாஸ்திரிகளின் வலது கை தெரிகிற இடத்தில். தாலி எடுத்ததும் வீடியோக்காரர்கள் மணவறையைச் சுவர்போல மறைத்துவிடுவார்கள், "கெட்டி மேளம்" குரலும் சத்தத்தில் அமுங்கும். மேளம் இரண்டு நொடி பிந்தினாலும் வீடியோவில் அப்படியே பதிவாகிவிடும்.

பாக்கித் தொகையைப் பந்தி ஓடும்போதே கேட்டு வாங்குங்கள். மண்டபம் காலிசெய்யும் நேரத்தில் சமையல்காரர், பூக்காரர், லைட்காரர் எல்லோரும் பெண்ணின் அப்பாவைச் சூழ்ந்து நிற்பார்கள். அந்த வரிசையில் மேளக்காரர் கடைசிதான்.